போகொடைப் பாலத்தின் சமையல்கட்டு

போகொடை மரப்பாலத்துக்கு இதற்குமுன் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஏமாந்துதான் திரும்பியிருக்கிறேன். தப்பு பாலத்தின்மேல் இல்லை. கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்ததோடு வீட்டுக்குத் திரும்பிய ஆள் மாதிரி, மேலே நடந்தேன், கைப்பிடியில் சாய்ந்து போட்டோ எடுத்தேன், பக்கத்து விகாரையைப் பார்த்தேன், வந்துவிட்டேன். நாலாவது தடவை பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். மனுசன் பாலத்தின்மேல் காலே வைக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கீழே ஓடும் ஓயாவுக்கு இறங்கினார்.

"பந்தல்ல என்னா புள்ள இருக்கு? சமையல்கட்டுக்கு வா!"

அவ்வளவுதான், நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பெரியப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருசத்துக்கு மேல் தச்சு வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் தமிழரோ சிங்களவரோ யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் "பாஸ்". எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு நிலையை முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பாலத்தைத் தனியாகப் பார்த்த என் புத்தியை எதால் அடிக்கலாம்?

கிளம்பியது நமுனுகுலயிலிருந்து. பெயருக்கு ஒன்பது சிகரம் என்று பொருள். 2,036 மீட்டர் உயரம். அதன் அடியிலேயே பிறந்து வளர்ந்தும் ஒன்பதையும் ஒரே சமயத்தில் நான் எண்ணி முடித்ததில்லை. எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்றைப் பனி எடுத்து ஒளித்து வைத்திருக்கும். விடியற்காலை பஸ்ஸில் பசறை, அங்கிருந்து பதுளை, பதுளையிலிருந்து ஹாலிஎல, அதற்கப்புறம் திரீவீல். வழியெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுமூட்டையோடு தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகட்டும், அதுவும் நம்ம பாலம்தான். 1921இல் முடித்தார்கள், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும், இரும்புச் சட்டம் கிடையாது. போகொடைப் பாலத்தில் இரும்பு ஆணி கிடையாது. பதுளைக்காரனுக்கும் இரும்புக்கும் அப்படி என்ன பகையோ!

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லந்த ஓயாவின் குறுக்கே, மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்துக்குள், ஓடு போட்ட ஒரு நீளவீடு அந்தரத்தில் நிற்கும். அதுதான் பாலம். நீளம் சுமார் 50 அடி, அகலம் 6 அடி, கூரை 8 அடி உயரம். இரண்டு பக்கமும் அலங்கார வேலை செய்த மரக் கைப்பிடி. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய நடைபாதை இதன் வழியாகத்தான் போனது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே தகரம். மழை பிடித்தால் சட்டி வைக்க இடம் போதாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதல் தடவை இந்தப் பாலத்தைப் பார்த்த அன்றைக்கே மனக்கணக்குப் போட்டேன்: எங்கள் காம்பராவைவிட இரண்டரை மடங்கு பெரிசு! ஒரு பாலத்துக்கு ஓட்டு வீடா? கோபம் வந்ததா பொறாமை வந்ததா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வயசைக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. தம்பதெனியக் காலம், 16ஆம் நூற்றாண்டு என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். தம்பதெனிய தலைநகராக இருந்ததோ 13ஆம் நூற்றாண்டில். நடுவில் முந்நூறு வருசம் ஓயாவோடு போய்விட்டது போல! கூரை ஓடு கண்டி இராச்சியத்துப் பாணி. நானூறு வருசம் தாண்டியது என்ற பேச்சோடு நிறுத்திக்கொள்வது அதற்கும் மரியாதை, நமக்கும் நல்லது. இன்னொரு கதையும் உண்டு: பாலம் முழுக்க ஒரே மரத்தில் அறுத்த பலகையாம். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். ஒரு தண்டைக் காட்டி "இது பலா" என்றார். இன்னொன்றைக் காட்டி "இது கும்புக்" என்றார். "ஒரே மரத்துல ரெண்டும் காச்சிருக்குமோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

இந்தக் கும்புக்கைத்தான் தமிழ்நாட்டார் நீர்மருது என்கிறார்கள். ஆற்றங்கரையில் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே வளர்கிற மரம். பிறந்தது முதல் ஈரத்தோடு குடும்பம் நடத்தியது. அதைக் கொண்டுவந்து ஓயாவில் நிறுத்தினால் மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி இருக்காது. பலாவோ மஞ்சள் வைரம் பாய்ந்து கறையானையே களைக்க வைக்கும். எந்த மரத்தை எங்கே வைப்பது என்று தெரிந்த கை செய்த வேலை இது.

சரி, சமையல்கட்டுக்கு வருவோம்.

பாலத்தின் அடிவயிற்றில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு நிஜமாகவே தலை கிறுகிறுத்தது. மேலே நடக்கும்போது அழகாக, அடக்கமாக இருந்த அதே பாலம், கீழிருந்து பார்த்தால் கம்பு சுற்ற நிற்கிற பயில்வான்! ஓயாவிலிருந்து பெரும் மரத்தண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் தலையில் குறுக்கு உத்தரம். உத்தரத்தின்மேல் நீள உத்தரம். அதன்மேல் பலகை. ஒன்றின் நாக்கு இன்னொன்றின் வாய்க்குள். எங்கே ஒரு மரம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் அடிப்பலகையில் மோதித் திரும்பி வருவதால் குடத்துக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மேலே யாரோ ஒரு குடும்பம் நடந்து போனது. குழந்தையின் காலடி டொக் டொக்கென்று கேட்டது. ஒரு தூசி விழவில்லை.

பெரியப்பா ஒரு தண்டை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். காதை வைத்தார். தொல்பொருள் சின்னம் என்பதால் தட்டியதோடு சரி. இல்லையென்றால் நகத்தால் கீறி ருசியே பார்த்திருப்பார்.

"காஞ்ச மரம் பேசும். நனைஞ்ச மரம் முனகும். இது பேசுது."

ஆணி விஷயத்தை அங்கேயே நின்று விளக்கினார். ஈர இடத்தில் இரும்பு ஆணி அடித்தால் முதலில் ஆணி துருப்பிடிக்கும். துரு மரத்தைக் கறுக்க வைத்துத் தின்னும். துளை பெரிசாகும், ஆணி ஆடும், ஆடிய துளையில் தண்ணீர் இறங்கும். மர ஆணியோ சொந்தக்காரன். நன்றாகக் காய்ந்த முளையைச் செதுக்கி இறுக்கி அடித்தால், அது சுற்றியுள்ள மரத்தின் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும், துளைக்குள் இன்னும் கெட்டியாக உட்காரும். மழைக்குப் பருத்தாலும் வெயிலுக்குச் சுருங்கினாலும் பலகையும் முளையும் சேர்ந்தே செய்யும். கண்டிக்காரத் தச்சர்கள் இதில் கில்லாடிகள். உடுநுவரையில் எம்பக்க தேவாலயம் இருக்கிறதே, அங்கே 26 கைமரங்களை ஒரே ஒரு மர முளை சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மடோல் குருபாவ என்று அதற்குப் பெயர். தூண்களில் செதுக்கிய சிற்பங்களைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர் அண்ணாந்து அதைப் பார்க்கிறார்கள்?

அப்புறம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பழைய கோபம், கேட்காமல் இருக்க முடியவில்லை. "நடந்து போறவன் அரை நிமிசத்துல தாண்டிருவான். அதுக்கு எதுக்குப் பெரியப்பா இம்புட்டுப் பெரிய கூரை?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஃபேக்டரியில் உளியைத் தலைகீழாகப் பிடித்த பையன்களை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"கூரை ஒனக்கா? மரத்துக்கு, புள்ள!"

இந்த ஒரு வரிக்காகவே அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. மரத்தை அழிப்பது பூஞ்சணம். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரம் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். முழுக்கக் காய்ந்த மரமும் அப்படித்தான். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற மரம்தான் சீக்கிரம் போய்ச் சேரும். அதிலும் முதலில் உளுத்துப்போவது பொருத்துவாய். நாக்கும் வாயும் சேருகிற பொந்தில் மழைத்தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே சோறாகிவிடும். ஆக, அந்த 50 அடிக் கூரை என்பது பாலத்தின் மூட்டுகளுக்குப் பிடித்த குடை. வழிப்போக்கன் அதில் ஓசியில் ஒதுங்கிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் டிவிஷனிலும் ஒரு பாலம் இருக்கிறது. கீழ் லயத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் நடுவே ஓடும் ஓடையில் இருபது அடிப் பலகைப் பாலம். மூன்று நாலு வருசத்துக்கு ஒருமுறை பலகை உளுத்துப்போகும்; ஒருத்தர் கால் உள்ளே போன பிறகு மாற்றுவார்கள். அம்மா முப்பது வருசம் கொழுந்துக் கூடையோடு அதைத் தாண்டியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் "முருகா" சொல்லி. பெரியப்பா சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாலம்தான். அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகொடை தப்பிப் பிழைத்ததற்கு இன்னொரு காரணம் என் மனசுக்குப் படுகிறது. இதை யாரும் அகலப்படுத்தவில்லை. வெள்ளைக்காரன் வந்து வண்டிப் பாதை போட்டான், 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. கண்டிக்குப் போக இந்த ஆறடிப் பாதை யாருக்கும் தேவைப்படவில்லை. முக்கியமான பாதையில் கிடந்திருந்தால் எப்போதோ இடித்துக் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். விகாரைக்குப் போகிறவர்கள் மட்டும் நடந்தார்கள். அந்தக் குகை விகாரையின் பாறையில் பாலத்தைவிட ரொம்பப் பழைய பிராமி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாலத்துக்கு வயசு போதாது என்று கேலி பண்ண பக்கத்திலேயே ஓர் ஆள்!

திரும்புகாலில் ஹாலிஎல கடையொன்றில் பிளேன்டீக்கு உட்கார்ந்தோம். நான் போனை எடுத்துச் சீனப் பாலங்களைக் காட்டினேன். தப்புச் செய்துவிட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போன் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சீனாவில் இந்த மாதிரிக் கூரைப்பாலத்துக்கு லாங்சியாவ் என்று பெயர். தாழ்வாரப் பாலம் என்று சொல்லலாம். தெற்கே டோங் மக்கள் கட்டுவதைக் காற்று மழைப் பாலம் என்கிறார்கள், பெயரிலேயே வேலை சொல்லிவிட்டது. ஃபூஜியன், செஜியாங் மாகாணங்களின் மலைகளில்தான் தலைசிறந்தவை இருக்கின்றன. செஜியாங்கின் தைஷுனில் பேய்ஜியன் என்ற பாலம் 1674இல் கட்டியது. சிவப்புச் சாயம், நுனி தூக்கிய கூரை, பக்கத்தில் பெரிய பெரிய மரங்கள். உள்ளே பெஞ்சு போட்டிருக்கும், பல பாலங்களில் சாமி மாடமும் இருக்கும். விவசாயி சுமையை இறக்கி வைப்பான், கிழவர்கள் கதை பேசுவார்கள், ஊதுபத்தி புகையும். நம்ம ஊர்ச் சுமைதாங்கியையும் திண்ணையையும் கோயிலையும் ஒன்றாக்கி ஆற்றின்மேல் தூக்கி வைத்தால் எப்படி? அதுதான். சிங்கள ஊர்களில் வழிப்போக்கர் இளைப்பாறப் பாதையோரம் அம்பலம் கட்டி வைத்தார்களே, அந்த மனசு.

பெரியப்பாவுக்கு அந்த அழகெல்லாம் ரெண்டாம் பட்சம். "அடியக் காட்டு, அடியக் காட்டு" என்று அவசரப்படுத்தினார். அடி தெரிந்த படம் வந்ததும் பிளேன்டீ ஆறிப்போனது.

நடுவில் தூணே இல்லை! ஒரு மரமும் கரைக்குக் கரை எட்டவில்லை. எல்லாம் குட்டைத் தண்டுகள். ஒரு வரிசையில் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு வளைவு, இன்னொரு வரிசையில் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து இன்னொரு வளைவு. இரண்டையும் குறுக்கு உத்தரங்களோடு கூடை பின்னுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுகிறார்கள். எந்த ஒன்றும் தனியாக நிற்காது, சேர்ந்தால் அசையாது. 12ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரர் சாங் செதுவான் வரைந்த நீண்ட சுருள் ஓவியத்தில், கூரை இல்லாத இந்த வகைப் பாலம் ஒன்று கூட்டத்தைச் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டுகிறது. மலையில் இருப்பது அதன் வாரிசு என்று சொல்கிறவர்களும் உண்டு.

பெரியப்பா எழுந்து போய்க் கடைக்காரரின் விளக்குமாற்றிலிருந்து ஏழெட்டு ஈர்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. சாண் நீளத்துக்கு ஒடித்தார். மேசையில் ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்கீழ் ஒன்று என்று கோத்தார். சரிந்தது. மறுபடி கோத்தார். மூன்றாவது தடவை நடுப்பகுதி எழும்பி நின்றது! நூல் இல்லை, பசை இல்லை. பக்கத்து மேசைப் பையன்கள் தலையை நீட்டினார்கள். பெரியப்பா தட்டிலிருந்த உளுந்து வடையை எடுத்து அந்த ஈர்க்கு வளைவின் தலையில் மெதுவாக வைத்தார். எல்லாரும் மூச்சை அடக்கினோம். வளைவு ஒருதரம் நெளிந்தது, இறுகியது, நின்றது.

"பாத்தியா! பாரம் ஏறினாத்தான் புடிமானம். மேல வீட்டக் கட்டுறான்ல சீனாக்காரன், அந்த வீடுதான் கீழ உள்ளத அமுக்கிப் புடிக்குது!"

கூரை மரத்துக்குக் குடை மட்டுமில்லை, எடைக்கல்லும்கூட. போகொடையில் தூண் தாங்குகிறது, அதனால் இந்த வேலை அதற்கு இல்லை. சீன வளைவில் கூரைவீட்டின் கனம் கணக்கிலேயே சேர்த்தி. கடைக்காரர் வந்து வடையைப் பார்த்தார், விளக்குமாற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பிளேன்டீ வைத்துவிட்டுப் போனார்.

இதைப் படித்துவிட்டு, சீனத் தச்சன் யாரோ பதுளைக்கு வந்து போகொடையைக் கட்டினான் என்று யாரும் கதை கிளப்பிவிடாதீர்கள். கட்டுமானமே வேறு வகை. ஒரே மழை, ஒரே மரம், ஒரே கவலை. இரண்டு மலைக்காரர்களும் தனித்தனியாகத்தான் தலையைச் சொறிந்து கூரைக்கு வந்திருப்பார்கள். சீனமும் தமிழும் இலங்கையில் சந்தித்த கதை வேண்டுமென்றால் காலிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று ஆண்டு பொறித்தது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது. 1911இல் அதைக் கண்டெடுத்தபோது எங்கே கிடந்தது தெரியுமா? காலி ஊரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக! மூன்று மொழியும் கவிழ்ந்து படுத்துக்கொண்டு ஊர்க்காரர்களைத் தண்ணீர் தாண்டவிட்டுக்கொண்டிருந்தன. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

சீனப் பாலங்களுக்கும் எல்லாம் நல்லபடி நடக்கவில்லை. 2016 செப்டெம்பரில் மெராண்டி சூறாவளி கொண்டுவந்த வெள்ளம் தைஷுனில் மூன்று பாலங்களைச் சில மணி நேரத்துக்குள் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: ஆற்றின் கீழ்க்கரை ஊர்க்காரர்கள் வயலிலும் சேற்றிலும் ஒதுங்கிய மரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பெரிய மரங்களில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. மறு ஆண்டே மூன்றும் அந்தந்த இடத்தில் எழுந்து நின்றன. ஆணி அடிக்காத வேலையில் இது ஒரு சௌகரியம்: கழன்றால் மறுபடி கோக்கலாம். நெருப்பிடம் அந்தப் பாச்சா பலிக்காது. ஃபூஜியனின் வான்அன் பாலம் 98 மீட்டர் நீளம், சோங் அரசர் காலத்தில் முதலில் கட்டி, பலமுறை அழிந்து பலமுறை எழுந்தது. 2022 ஆகஸ்டில் ஓர் இரவு எரிந்து விழுந்தது. அந்த வீடியோவைப் பெரியப்பா பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

யுனெஸ்கோ 2009இல் இந்தப் பாலம் கட்டும் கலையை அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய பட்டியலில் சேர்த்தது. கட்டத் தெரிந்த தச்சர்கள் அருகிக்கொண்டிருந்தார்கள். 2024இல் அந்த அவசரப் பட்டியலிலிருந்து எடுத்து, வழக்கமான பட்டியலுக்கு மாற்றினார்கள். பையன்கள் வேலை பழக வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் தச்சர்கள் வேலை முடிந்ததும் கூரை உத்தரத்தில் மையால் எழுதிவைப்பார்கள்: எந்த வருசம், யார் பணம் கொடுத்தார்கள், தலைமைத் தச்சன் பெயர் என்ன என்று எல்லாம். போகொடையைச் செய்தவருக்கு வரலாற்றில் பெயர் இல்லை.

"நீங்க எங்கயாவது பேரு எழுதியிருக்கீங்களா பெரியப்பா?"

"ஃபேக்டரி மேமாடில ஒரு கைமரத்துல. பென்சில்ல. யாருக்கும் சொல்லிறாத."

சொல்லிவிட்டேன், எந்த ஃபேக்டரி என்று சொல்லவில்லை.

நமுனுகுலயில் பஸ் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சிகரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. கீழ் லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் நடந்தார். பலகைப் பாலத்துக்கு வந்ததும் நின்றார். குனிந்து அடியைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சாண் போட்டு அளந்துகொண்டே போனார், மழையில் நனைந்தபடி. அந்தக் கரையில் நின்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"பதினாறு தகரம்," என்று அங்கிருந்து கத்தினார். "பழசா இருந்தாலும் பரவால்ல."